லினக்ஸில் கணினியின் பெயரை நிலையாக மாற்றுவது எப்படி?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். எங்கள் பயிற்சி மையத்தின் உபுண்டு கணினிகள் அனைத்தும் ஒரே பெயரில் இருப்பதால், வலைப்பின்னலில் எது எதுவென்று பிரித்தறிய இயலவில்லை. கெடிலம், பெண்ணையாறு, பரவனாறு என ஆறுகளின் பெயர்களைச் சூட்ட விரும்புகிறேன். ஹோஸ்ட்நேம் (hostname) கட்டளையால் மாற்றினால், மறுதொடக்கம் செய்ததும் பழைய பெயரே திரும்பி விடுகிறது. நிலையான வழி உண்டா?

மறுமொழி (புதுச்சேரி):
அக்கட்டளை, இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நினைவிலுள்ள பெயரை மட்டுமே மாற்றுகிறது. கணினி தொடங்கும்போது சிஸ்டம்டி என்னும் தொடக்க நிரல், எட்சி (/etc) கோப்புறையிலுள்ள ஹோஸ்ட்நேம் கோப்பைப் படித்துப் பெயரை அமைப்பதால், அக்கோப்பு மாறாதவரை பழைய பெயரே வரும். ஆகவே சூடோ (sudo) எனும் நிர்வாகி உரிமையுடன் ஹோஸ்ட்நேம்சிடிஎல் (hostnamectl) என்று தட்டி, இடைவெளி விட்டு செட்-ஹோஸ்ட்நேம் (set-hostname) என்பதையும் அதன்பின் புதிய பெயரையும் கொடுங்கள். நினைவு, கோப்பு இரண்டையும் அதுவே மாற்றிவிடும். பிறகு அதே கோப்புறையின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியிலுள்ள பழைய பெயரையும் திருத்துங்கள். பலர் இதை விட்டுவிட்டு, சூடோ கட்டளை இடும்போதெல்லாம் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்ற எச்சரிக்கை வருவதாகப் புலம்புகிறார்கள்.

மறுமொழி (நெய்வேலி):
ஆற்றுப் பெயர்கள் அழகுதான்; ஆனால் ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். எண்களும் இணைப்புக்குறியும் வரலாம், அடிக்கோட்டைத் தவிர்க்கவும். மேகச் சேவையகமாக இருந்தால், அதைத் தொடக்கத்தில் அமைக்கும் கிளவுட்-இனிட் (cloud-init) நிரலின் அமைப்பில் பிரிசர்வ் ஹோஸ்ட்நேம் (preserve_hostname) என்பதை ட்ரூ (true) என வைக்காவிட்டால் பெயர் மீண்டும் மாறக்கூடும்.

கேட்டவர்:
மாறிவிட்டது, நன்றி. ஆனால் திறந்திருக்கும் முனையத்தில் மட்டும் பழைய பெயரே தெரிகிறதே?

மறுமொழி (புதுச்சேரி):
முனையத்தில் கட்டளைகளை ஏற்கும் ஷெல், தான் தொடங்கியபோது படித்த பெயர் அது. முனையத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் போதும்.