கஞ்சா பயன்படுத்தியவருக்கு அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ்: இப்போதே விண்ணப்பிக்கலாமா, காத்திருக்கணுமா?

மருதம்:
கஞ்சா விற்பனையைச் சட்டப்படி அனுமதிக்கும் கொலராடோ மாநிலத்தில் கடையில் வாங்கிய கஞ்சா மிட்டாயை அவ்வப்போது தின்றவர், நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்று வேலை தந்து செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கான, அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதிக்கான எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பச் சொல்கிறது. இப்போதே போடலாமா?

பொதிகை:
தள்ளிப்போடுவதே நல்லது. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவெடுக்கும் 13 வழிகாட்டு நெறிகளில் ‘எச்’ பிரிவுதான் போதைப்பொருளுக்கானது. ‘நடந்து நெடுநாளாகிவிட்டது’ என்பது அதில் பெரிய தணிப்புக் காரணம், அதாவது பழைய தவறைப் பெரிதாக எடுக்காமலிருக்க உதவுவது. எட்டு மாதத்தை நெடுநாள் என்று வாதாடுவது கஷ்டம். முழு விசாரணை முடியும் முன் தருகிற இன்டரிம் கிளியரன்ஸும் இவருக்குக் கிடைப்பது சிரமம். அது இல்லாதவருக்காகப் பல நிறுவனங்கள் மாதக்கணக்கில் இடத்தைக் காலியாக வைத்திருக்காது. எஃப்பிஐகூடக் கஞ்சா விட்டு 1 ஆண்டு, மற்றவை விட்டு 10 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்கிறது.

கொங்குத்தமிழ்:
எஃப்பிஐயின் ஆள்சேர்ப்பு விதி வேறு, கிளியரன்ஸ் விதி வேறு. 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள, அந்த 13 நெறிகளையும் வகுக்கும் சீட்-4 உத்தரவில் ‘இத்தனை மாதம்’ என்று எங்குமே கிடையாது. 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் விடுத்த குறிப்பாணையும், பழைய கஞ்சாப் பயன்பாட்டைக் கணக்கில் எடுக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. படிவம் கேட்பது கடைசி 7 ஆண்டுகளை. இன்னும் நாலு மாதம் பொறுத்தால் அந்தப் பதில் மாறப்போகிறதா? அதற்குப் பதில், ‘இனி தொடமாட்டேன், தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம்’ என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு வைக்கட்டும். சேர்ந்து கஞ்சா பயன்படுத்திய பழைய கூட்டாளிகளை விட்டு விலகியதற்கும் சான்று சேர்க்கட்டும்.

பொதிகை:
அந்தக் குறிப்பாணை கஞ்சாவுக்கு மட்டும். கொக்கெய்னுக்கோ, தேர்வு நேரத்தில் நண்பரிடம் வாங்கிப் போட்ட அட்டெரால் என்ற கவனக்குறைபாட்டு மாத்திரைக்கோ அந்தச் சலுகை இல்லை. அடுத்தவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் இதே பிரிவில்தான் வரும். பலர் அதைப் போதைப்பொருளாகவே நினைப்பதில்லை.

நெய்தல்:
மாநிலமே சட்டப்படி விற்க அனுமதிக்கிறது, போலீஸ் பதிவு எதுவும் இல்லை. நாமே போய் ஏன் சொல்ல வேண்டும்?

கொங்குத்தமிழ்:
ஐயா, தயவுசெய்து யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டப்படி குற்றம் என்பதால் எழுத வேண்டும் என்று படிவத்தின் 23-ஆம் பகுதியிலேயே அச்சிட்டிருக்கிறது. உண்மையான பதிலைக் குற்ற வழக்கில் சாட்சியமாக்க மாட்டோம் என்ற உறுதியும் அங்கேயே உண்டு. பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. விசாரணையாளர் பழைய அறைத்தோழரிடமும் பேசக்கூடும். ‘எச்’ பிரிவோடு போயிருக்க வேண்டிய விஷயத்தில் நேர்மை பற்றிய ‘இ’ பிரிவும் சேர்ந்துகொண்டால் மீள்வது மிகக் கடினம்.

குறைத்து எழுதுவதும் மறைப்புதான். படிவத்தில் ‘நாலைந்து முறை’, நேர்காணலில் ‘மாதம் இரண்டு முறை’ என்றால் கேள்வி கஞ்சாவைப் பற்றியதாக இருக்காது, நேர்மையைப் பற்றியதாகிவிடும். முதலில் பயன்படுத்திய மாதமும் கடைசி மாதமும் சரியாக நினைவில்லையா? உத்தேசம் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விட்டுப்போனது ஏதும் இருந்தால், அவர்கள் ஆதாரத்தை எடுத்து வைப்பதற்கு முன்பே நாமாகத் திருத்திவிட வேண்டும்.

பொதிகை:
இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நம்மவர்களில் பலர் கிரீன் கார்டிலிருந்து குடியுரிமைக்கு வந்தவர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில், கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. மாநிலம் அனுமதித்த கஞ்சாவும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதிக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. 30 கிராமுக்கு உட்பட்டு ஒரே ஒரு முறை வைத்திருந்ததற்கு மட்டும் விலக்கு. அங்கே ‘இல்லை’ என்றவர் இங்கே அதே காலத்துக்கு ‘ஆம்’ என்று எழுதினால் இரண்டு பதிலும் மோதும். 23-ஆம் பகுதியின் பாதுகாப்போ குற்ற வழக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அப்படிப்பட்டவர் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

கொங்குத்தமிழ்:
அதற்காக அவகாசம் கேட்பது நியாயம். வெறுமனே நாள் கடத்துவதற்காக என்றால் வேண்டாம். படிவம் போட்டபின் மறுப்புக் காரணங்களைப் பட்டியலிட்டுக் கடிதம் வந்தால், ஒப்பந்த நிறுவன ஊழியருக்குப் பதில் எழுத 20 நாள்தான் கெடு. நீதிபதி முன் நேரடி விசாரணை வேண்டுமென்றால் அந்தப் பதிலிலேயே கேட்டுவிட வேண்டும்.