மறுமொழி: எம்.பி.யின் ‘வோட்டிங் ரெக்கார்டு’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். தொகுதி மக்களுக்காக நாம் தயாரிக்கும் அறிக்கையில், எம்.பி. அவையில் எப்படி வாக்களித்தார் என்று காட்டும் ‘வோட்டிங் ரெக்கார்டு’ பகுதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

> ‘வாக்குப்பதிவு’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரிந்த சொல்.

எல்லோருக்கும் வேறு ஒன்றாகப் புரிந்துவிட்ட சொல் என்பதுதான் தயக்கம், ஐயா. வாக்குப்பதிவு என்றதும் வாக்குச்சாவடியும் விரல் மையும்தான் நினைவுக்கு வரும். தொகுதி அறிக்கையில் ‘எம்.பி.யின் வாக்குப்பதிவு’ என்று தலைப்புப் போட்டால், தேர்தலில் அவருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்றுதான் தேடுவார்கள். நாம் காட்ட நினைப்பது அவர் ஜெயித்துப் போன பிறகு நடந்ததை: எந்த மசோதாவுக்கு ஆம் என்றார், எதற்கு இல்லை என்றார்.

அதனால் என் முன்மொழிவு ‘அவைவாக்கு’. உறுப்பினர் அவைக்குள் போடும் வாக்கு அவைவாக்கு. ஒரு மசோதாவுக்கு யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது அவைவாக்குப் பட்டியல். ஒருவருடைய வாக்குகளை மட்டும் திரட்டிக் கொடுத்தால் அவைவாக்கு விவரம். இங்கே முன்மொழியப்பட்ட ‘வாக்குத்தடம்’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து அடுத்த சொல் பிறக்காது.

> வாக்கு என்றால் பேச்சு என்றும் பொருள் உண்டே? அவையில் பேசியது என்று எடுத்துக்கொண்டால்?

தனியாக நின்றால் அப்படி ஒரு மயக்கம் வரலாம்தான். அறிக்கையில் பக்கத்திலேயே ‘அவை உரைகள்’ என்று தனிப்பகுதி இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

சரி, தலைப்பு முடிந்தாலும் அதன் கீழே வரப்போகும் கட்டங்களுக்கும் சொல் வேண்டும். என் கவலை அங்கேதான். நம் நாட்டில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று நம் சட்டப்பேரவையில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்; டெல்லியிலும் இதே வழக்கம்தான். சத்தத்தைக் கேட்டு அவைத்தலைவர் முடிவைச் சொல்வார். யார் பெயரும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. யாராவது அந்த முடிவை ஏற்காமல் டிவிஷன் (வாக்குகளை எண்ணிப் பதியும் முறை) கேட்டு, அது நடந்தால்தான் யார் எந்தப் பக்கம் என்று தெரியவரும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு கணக்கு இருப்பதால் எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை. ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகளைத் தெருவில் உட்கார வைத்த சட்டங்கள் அவை. அன்று எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று காட்ட அவைவாக்குப் பட்டியல் கிடையாது.

ஆகவே டிவிஷனுக்கு ‘பிரிவு வாக்கெடுப்பு’ என்று நேராகப் பெயர்ப்பதைவிட, ‘பெயர்வாரி வாக்கெடுப்பு’ என்பது நம் அறிக்கைக்குப் பொருந்தும். வாசகருக்குத் தெரிய வேண்டியது பெயர் பதிவானதா இல்லையா என்பதுதான். 2017 பிப்ரவரி 18 அன்று நம் சட்டப்பேரவையில் நம்பிக்கைத் தீர்மானத்துக்குப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள் (ஆதரவு 122, எதிர்ப்பு 11). அந்த மாதிரி இடத்தில் ‘பிரிவு’ பொருந்துகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். குரல் வாக்கெடுப்பில் முடிந்த மசோதாக்களை அறிக்கையில் விட்டுவிடாமல், ‘குரல் வாக்கெடுப்பு – பெயர் பதிவில்லை’ என்று போட்டே ஆக வேண்டும். விட்டுவிட்டால் எம்.பி. வரவில்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

> ஆம், இல்லை, நடுநிலை – மூன்று கட்டம் போதும்.

போதாது அக்கா. ‘நடுநிலை’ கட்டாயம் வேண்டாம். மக்களவையில் இருக்கையில் உள்ள பொத்தானில் பச்சை ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. மஞ்சளை அழுத்தியவர் அவையில் இருந்தார், அவர் பெயர் பட்டியலில் ஏறும். அதற்கு ‘வாக்குத் தவிர்ப்பு’ என்று வைக்கலாம். அவர் நடுவில் நிற்கிறார் என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கொறடா உத்தரவு பிறப்பித்திருந்தால் அதை மீறி வாக்களிக்காமல் இருப்பதும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித்தாவல் தடைச் சட்டம்) பதவியைப் பறிக்கக் கூடிய செயல். வெளிநடப்பு இன்னொரு வகை. அதற்குச் சொல் தேடவே வேண்டாம், நம்மிடம் இருப்பது அருமையான சொல். வராமை வேறு.

நாளிதழ்கள் இந்த மூன்றையும் ‘புறக்கணிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. முத்தலாக் மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூலையில் மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் அதை ஆதரித்துப் பேசினார். சில நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது. மசோதா 99-க்கு 84 என்று நிறைவேறியது. அந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்தக் கட்சியினர் அன்று ஊரிலேயே இல்லாத மாதிரி இருக்கும். வெளிநடப்பு நடந்ததா என்று அவை நடவடிக்கைக் குறிப்பைத் தேடிப் படித்துத்தான் நாம் நிரப்ப வேண்டும். வேலை அதிகம், ஆனாலும் செய்ய வேண்டும். 1999-இல் மக்களவையில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்ததை மறக்க வேண்டாம்.

அப்புறம், எம்.பி. அவையில் கேட்கும் கேள்விகள். ‘நட்சத்திரக் கேள்வி’, ‘நட்சத்திரமில்லாக் கேள்வி’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தாளில் ஓர் உடுக்குறி இருக்கிறது என்பதைத் தவிர இது எதையும் சொல்லவில்லை. முதலாவது ஏதோ சிறப்பான கேள்வி போலவும் தோன்றுகிறது. இலங்கை நாடாளுமன்றத்தில் ‘வாய்மூல விடைக்கான வினா’ என்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், உறுப்பினர் துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம் என்ற இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. மற்றதை ‘எழுத்துமூல விடைக்கான வினா’ என்று சொல்லலாம். (அவர்களுடைய ‘முதற்கோலாசான்’ நமக்கு வேண்டாம், இங்கே கொறடா நன்றாக வேரூன்றிவிட்டது.)

எம்.பி. கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் போடும் யோசனையை நான் எதிர்க்கிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மூல விடைக்கு 20 கேள்வி, எழுத்துமூல விடைக்கு 230. எது ஏறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அந்த 20-லும் கேள்வி நேரம் முடிவதற்குள் சிலவற்றுக்குத்தான் அவையில் பதில் கிடைக்கும். மீதிக்கு எழுத்தில் வந்துவிடும். ‘(அ) இது உண்மையா, (ஆ) ஆம் எனில் அதன் விவரம் என்ன’ என்ற அச்சில் வார்த்த கேள்விக்கு, ‘(அ) முதல் (ஈ) வரை: அறிக்கை அவை மேசையில் வைக்கப்படுகிறது’ என்று பதில் வரும். அந்த அறிக்கையில் மாவட்டவாரி எண்கள் இருக்கின்றனவா, இல்லை ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று முடிகிறதா என்பதைத்தான் தொகுதிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி முடிந்தால் அது அரசு தரும் உறுதிமொழி. 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. எனவே கேள்விப் பட்டியலில் ‘விடை’, ‘உறுதிமொழி’ என்று இரண்டு கட்டம் சேர்க்கக் கோருகிறேன்.

ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. பல உறுப்பினர்கள் ஒரே மாதிரி கேள்வி கொடுத்தால் அவைச் செயலகம் சேர்த்து, பெயர்களை ஒரே எண்ணின் கீழ் போடுகிறது. ‘கூட்டுக் கேள்வி’ என்றால் கலந்து பேசிக் கேட்டது போல ஆகிவிடுகிறது. ‘சேர்த்த கேள்வி’ வரை வந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் அங்கே வழக்கு ஏதும் இருந்தால் எழுதுங்கள்.