ஃப்ளூ ஊசி போட முடக்குவாத மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி (நாச்சியார்கோவில் மகன்):

அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதம் வந்து பல வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், திங்கள் ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், காலையில் ப்ரெட்னிசலோன் 5 மில்லிகிராம். போன ஐப்பசி அடைமழையில் சளி நெஞ்சுக்கு இறங்கி, நிமோனியா என்று தஞ்சாவூரில் சேர்த்துப் பார்த்தோம். இந்தத் தடவை மழைக்கு முன்னாலேயே ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுவிடச் சொல்லி திருச்சி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மருந்துக்கடையில் கேட்டால், ஒரு மாதம் வாத மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும் என்கிறார்கள். அத்தையோ, "எதிர்ப்பு சக்தி கூடிப்போய் மூட்டைத் தின்கிற வியாதி இது, அதை ஊசி போட்டுக் கிளப்பி விடுவீங்களா?" என்று கேட்கிறார். அம்மாவுக்கும் அதே பயம். மணிக்கட்டு வீக்கம் இப்போதுதான் வடிந்து, வரப்பில் தானாக நடந்து போய் நடவைப் பார்த்துவிட்டு வருகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், திருத்துறைப்பூண்டி):

தம்பி, முதலில் ஒன்று. ப்ரெட்னிசலோனை நீங்களாக நிறுத்தவே கூடாது. பல மாதம் அதைச் சாப்பிட்ட உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். 5 மில்லிகிராம் எந்த ஊசிக்கும் தடையில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அப்படியே போகட்டும்.

மிச்சம் மெத்தோட்ரெக்ஸேட் ஒன்றுதான். அதுவும் ஃப்ளூ ஊசிக்கு மட்டும். ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம், அதாவது இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை விடுவது. நோய் அடங்கியிருந்தால் மட்டும், டாக்டரிடம் சொல்லிவிட்டு. முன்னால் நிறுத்துவது இல்லை, பின்னால்தான். ஊசியை அடையாளம் கண்டு எதிர்ப்பணுக்கள் பெருகுவது அந்த இரண்டு வாரத்தில்தான். மெத்தோட்ரெக்ஸேட் அந்தப் பெருக்கத்தை அமுக்கிவிடும். கொரியாவில் முடக்குவாதக்காரர்களை வைத்து ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் விட்டவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஊசி நன்றாகப் பிடித்தது, விடாமல் சாப்பிட்டவர்களில் 55 பேருக்குத்தான். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2022 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. நிமோனியா ஊசிக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டாம்.

உங்கள் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. எனக்கே இந்த வியாதி வந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன், வேலை நாளெல்லாம் ஊசி போட்ட கை என்னுடையது. அம்மாவுக்குக் கூடியிருப்பது பொதுவான எதிர்ப்பு சக்தி இல்லை, தன் மூட்டையே எதிரி என்று எடுத்துக்கொண்ட ஒரு பகுதி. வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்கிற பலமோ, நோயாலும் மாத்திரையாலும் மற்றவர்களைவிடக் குறைவு. அதனால்தான் போன வருடம் சளி நிமோனியா வரை போனது. கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. ஒன்றிரண்டு நாள் கை வலி, லேசான காய்ச்சல் வரலாம், பாரசிட்டமால் போதும். மெத்தோட்ரெக்ஸேட் விட்ட வாரத்தில் சிலருக்கு மூட்டு கொஞ்சம் வலிக்கும், திரும்பத் தொடங்கினால் அடங்கிவிடும்.

ஆகாதது உயிருள்ள கிருமி உள்ளவை: அம்மை ஊசிகள், மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து, மஞ்சள் காய்ச்சல் ஊசி. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ரோட்டா சொட்டு மருந்து கொடுத்த பிறகு ஒரு மாதம் அதன் மலத்துணியை அம்மா தொட வேண்டாம், வேறு யாராவது அலசட்டும்.

நிமோனியா ஊசியில் 13 வகைக் கிருமிக்கானதைப் போட்டால், குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகைக்கானதையும் போட வேண்டும். 20 வகைக்கானது கிடைத்தால் அது ஒன்றே போதும். ஃப்ளூ ஊசி வருடா வருடம். நம் பக்கம் ஃப்ளூ ஏறுவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு என்பதால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம், எங்கே வைத்திருந்த ஊசி என்று கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. கஜா அடித்த 2018இல் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஊசிப் பெட்டிகளை ஜெனரேட்டர் இருந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். கடையில் வாங்கிப் பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய் வேறிடத்தில் போடுவதை என் மனது ஒப்பாது. ஊசி இருக்கிற இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் (மயிலாடுதுறை):

அக்கா சொன்னதோடு ஒன்று. என் மனைவிக்கு லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் இன்னொரு வியாதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிடுக்ஸிமாப் ஏற்றுகிறோம். அந்த மருந்து எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் அணுக்களையே காலி செய்துவிடும், ஏற்றிய கையோடு போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால் அடுத்த டோஸ் நெருங்கும்போது நிமோனியா ஊசி போட்டு, இரண்டு வாரம் தள்ளித்தான் மருந்து ஏற்றினார்கள். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் அப்படிக் காத்திருக்கவில்லை, சீசன் வந்ததும் போட்டார்கள்.

பதில் (திருவாரூர்):

அக்கியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். நான் டோஃபாசிடினிப் என்ற வாத மாத்திரை சாப்பிடுகிறேன், அந்த மருந்து அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டும். எனக்கு விலாவில் வந்தது. வீட்டில் வழக்கப்படி காவி குழைத்து எழுதினார்கள். கொப்புளம் காய்ந்தது, ஆனால் நரம்பு வலி மாதக்கணக்கில் தூங்க விடவில்லை. வைரஸுக்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது என்று பிறகு டாக்டர் சொன்னார். அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு டோஸ், உயிருள்ள கிருமி இல்லாதது. விலைதான் அதிகம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 18 வயதிலிருந்தே அமெரிக்க வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கிறது.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, திருச்சி டாக்டரைப் பார்க்க அடுத்த மாதக் கடைசியில்தான் தேதி. மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்தை அவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் போடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர்):

வேண்டாம் தம்பி, அதற்காக ஊசியைத் தள்ளாதீர்கள். சீட்டு கையில் இருக்கிறது, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து இந்த வாரமே போடுங்கள். போட்ட அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து, வரும் ஞாயிறு மாத்திரையை விடலாமா என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வழக்கம்போல் சாப்பிடட்டும். மாத்திரையோடு போட்ட ஊசி கொஞ்சம் குறைவாகப் பிடித்தாலும், மழைக்கு முன்னால் உள்ளே போயிருக்கும். போட்ட தேதி, ஊசியின் பெயர் இரண்டையும் அம்மாவின் நோட்டில் எழுதி வையுங்கள், 8 வாரக் கணக்குக்குத் தேவைப்படும்.