இரட்டைக் கோபுரத்துப் பாலம் இரண்டு பக்கமும் ஒட்டாமலேயே நிற்கிறதாமே, உண்மையா?

பயணப்பை:
போன மாதம் கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரத்தின் 41ஆம் மாடிப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட வந்த மைத்துனர், "இதைக் கோபுரத்தோடு சேர்த்துக் கட்டவே இல்லை, சும்மாதான் வைத்திருக்கிறார்கள்" என்று காதில் போட்டார். தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் சொல்கிற விஷயமா இது? அப்புறம் எனக்குப் படம் எடுக்கக்கூடக் கை வரவில்லை. கதை விட்டாரா, நிஜமா?

சாரம்கட்டி:
பாதி நிஜம். காற்றடித்தால் இரண்டு கோபுரமும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பக்கம் ஆடாது, நடுவிலிருக்கிற இடைவெளி கூடும், குறையும். பாலத்தை இரண்டு முனையிலும் இறுக்கிப் பூட்டியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அதனால் முனைகள் உள்ளே வெளியே நழுவ இடம் விட்டிருக்கிறார்கள். அதற்காக 750 டன் இரும்பை யாரும் சும்மா வைத்துவிடமாட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், பாலத்தின் நடுவிலிருந்து கவட்டை மாதிரி கால்கள் இறங்கி 29ஆம் மாடியில் ஊன்றியிருக்கும். கால் ஊன்றும் இடத்தில் பந்து மாதிரி உருண்டையான பேரிங், எந்தப் பக்கம் ஆடினாலும் கால் வளைந்துகொடுத்துப் பாலத்தை நடுவிலேயே பிடித்துவைக்கும்.

ஈப்போ மாப்பிள்ளை:
பாலத்தை விடுங்கள், அடியில்தான் கூத்தே. அந்த இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். துளை போட்டுப் பார்த்தால் கீழே சுண்ணாம்புப் பாறை, அதுவும் சரிவாக. எங்கள் ஊரில் சுண்ணாம்புப் பாறை என்றால் உள்ளே குகை இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அங்கேயும் அதேதான். ஒரு பாதி பாறையிலும் மறுபாதி மண்ணிலும் உட்கார்ந்தால் கோபுரம் சாயாமல் என்ன செய்யும்? அதனால் கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி, முழுக்க மண் இருக்கிற பக்கம் கொண்டுபோனார்கள். பைல்கள், அதாவது அஸ்திவாரத்துக்கு மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்கள், 114 மீட்டர் ஆழம் வரை போகின்றன, ஆனால் பாறையில் ஊன்றவில்லை, சுற்றியிருக்கும் மண்ணின் பிடிமானத்தில்தான் நிற்கின்றன. அதற்கு மேலே 4.5 மீட்டர் கனத்தில் ஒரே கான்கிரீட் பலகை.

கோலப்பொடி:
வடிவத்தை யாரும் சொல்லவில்லையே. இரண்டு சதுரத்தை ஒன்றின்மேல் ஒன்று திருப்பி வையுங்கள், எட்டு முனை நட்சத்திரம் வரும், இஸ்லாமியக் கலையில் நிறையப் பார்த்திருப்பீர்கள். கட்டடக் கலைஞர் செசார் பெல்லி அதன் மடிப்புகளில் அரைவட்டம் சேர்த்து உள்ளே இடத்தைப் பெருக்கிவிட்டார். 1998இல் உலகிலேயே உயரம் என்று பட்டம் கிடைத்தது, 451.9 மீட்டர். சிகாகோ சியர்ஸ் டவரில் (இப்போது வில்லிஸ் டவர்) கடைசி மாடி இதைவிட உயரத்தில் இருக்கிறது, ஆனால் கூர்முனை கட்டடத்தில் சேர்த்தி, ஆன்டெனா சேர்த்தி இல்லை என்று கணக்கு. எனக்கு அது இன்றைக்கும் கொஞ்சம் அழுகுணி ஆட்டமாகத்தான் படுகிறது. 2004இல் தைபே 101 வந்து அந்தப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டது.

பயணப்பை:
நன்றி மக்களே. மைத்துனரிடம் "பாதி நிஜம்" என்று மட்டும் சொல்லமாட்டேன், அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.