சிங்கப்பூர் பிஆருக்கு (நிரந்தரவாசத்துக்கு) விண்ணப்பம் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்காங்வாசி:
மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் கிடைக்கவில்லை. என்னை இன்னும் உறுத்துவது அதுவல்ல. இரண்டாவது முறை, நிறுவனம் நிரப்பித் தர வேண்டிய அனெக்ஸ் ஏ படிவத்தை மேலாளரிடம் கொடுத்தேன். அப்போதே எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதி) அவரிடம் ஏழு வருஷம் ஆகியிருந்தது. "பிஆர் வந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாய், அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். ஒன்பது வாரம் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போய்க் கேட்பேன், "எச்ஆரில் இருக்கிறது" என்பார். ஒருநாள் நான் எதிரே நிற்கும்போதே ஸ்டேப்ளர் எடுக்க இழுப்பறையைத் திறந்தார். என் படிவம் அங்கேயே இருந்தது. மேலே சாப்பாட்டுக்கடை ரசீதுகள். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். மறுநாள் காலை கையெழுத்தோடு என் மேசையில் இருந்தது. அதற்குள் நான் எடுத்து வைத்த ஆறு மாதச் சம்பளச் சீட்டெல்லாம் பழசாகி, மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே ஏன் வாய் திறந்து கேட்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

மன்னைக்காரன்:
எனக்கு மேலாளர் பிரச்சினை இல்லை, பிறப்புச் சான்றிதழ்தான். நம் ஊரில் பழைய சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காதே, அதேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது, பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். லீவு போட்டு ஊருக்குப் போனேன். நகராட்சியில் 1986 பதிவேட்டைத் தூக்கி வந்து விரித்தார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், தெருப் பெயர் எல்லாம் நீல மையில் இருக்கிறது. என் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. 'ஆண்' என்று மட்டும். கூட வந்த அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்து, "பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே உங்க தாத்தா போய் எழுதிட்டு வந்துட்டாருடா" என்றார். தாத்தா காலமாகி இருபது வருஷம். அப்புறம் பெயர் சேர்த்து, மொழிபெயர்ப்பு, நோட்டரி என்று எல்லாம் முடிந்தது. பிஆரும் கிடைத்தது. கிடைத்த நாள் நினைவில் இல்லை, அந்தப் பதிவேட்டுப் பக்கம்தான் நினைவில் இருக்கிறது.

துவாஸ் விடுதி:
செங்காங் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் படிவம் கொடுக்கவாவது ஓர் இடம் இருந்தது. நான் ஒர்க் பர்மிட், எஸ் பாஸுக்குக் கீழே உள்ள வேலை அனுமதி. கப்பல் பட்டறையில் வெல்டிங், 14 வருஷம். எங்களுக்கு விண்ணப்பிக்கவே தகுதி கிடையாது, எஸ் பாஸிலிருந்துதான் போட முடியும். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வார நாளில் ஓய்வு கிடைத்தபோது லாவண்டர் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்தில் உள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா என் பர்மிட் அட்டையை வாங்கிப் பார்த்தார். நிதானமாக எடுத்துச் சொல்லிவிட்டு அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அத்தனை வருஷத்தில் யாரும் என் அட்டையை அப்படித் தந்ததில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 2025 ஜூலையிலிருந்து எங்களுக்கு இத்தனை வருஷம்தான் என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள், 63 வயதுவரை வேலை செய்யலாம். நல்லதுதான். ஆனால் 63 வரை இருந்தாலும் பர்மிட்தான்.

உட்லண்ட்ஸ் அக்கா:
எங்களுக்கு 2016இல் முதல் தடவையே கிடைத்தது, அதனால் பெரிய கதை இல்லை. ஆனால் புதிதாகப் போடுகிறவர்கள் சிலதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள், கிடைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கட்டணம் தலைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. பிஆர் ஆனதும் சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியைக் கணக்குப் போடுங்கள்: முதல் வருஷம் உங்கள் பங்கு 5 சதவீதம், இரண்டாம் வருஷம் 15, மூன்றாம் வருஷத்திலிருந்து 20. கைக்கு வரும் சம்பளம் குறையும், வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் இடிக்கும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ரீஎன்ட்ரி பர்மிட் (பிஆர் உள்ளவர் வெளிநாடு போய்த் திரும்புவதற்கான அனுமதி) காலாவதியான பிறகு வெளிநாட்டில் இருந்து, புதுப்பிக்காமலே விட்டால் பிஆரே போய்விடும், தேதியைக் குறித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மகன் இருந்தால் அவனையும் விண்ணப்பத்தில் சேர்ப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவுக்குத் தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயச் சேவை) கிடையாது, பையனுக்கு உண்டு, முழுநேரம் இரண்டு வருஷம். செய்யாமல் பிஆரை விட்டுக்கொடுத்தால் பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். என் பையனுக்கு நாங்கள் கையெழுத்துப் போட்டபோது நான்கு வயது. அவனைக் கேட்க முடியாது, சரி. ஆனால் நானும் என் கணவரும் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை.

செங்காங்வாசி:
அக்கா, கட்டணமும் சேமநிதியும் மூன்று தடவை போட்ட எனக்குத் தெரியும். உங்கள் கடைசி வரி மட்டும்தான் மனசில் நிற்கிறது, பையனைப் பற்றி இன்னும் எழுதுங்கள். துவாஸ் அண்ணே, நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை, எனக்குக் கோபமும் இல்லை. உங்கள் பட்டறையில் எஸ் பாஸுக்கு மாற்றி யாருக்காவது கொடுத்திருக்கிறார்களா? எங்கள் இடத்தில் இரண்டு வெல்டர்களுக்கு மாற்றினார்கள். என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று திங்கட்கிழமை அவர்களிடமே விசாரித்து இங்கே எழுதுகிறேன்.