தரம் 4 மாணவனின் உடற்பருமனும் இடைவேளைத் தீனியும்: ஓர் ஆசிரியையின் அனுபவம்

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து தரம் 4 பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளக்கும்போது, முன்பெல்லாம் மெலிந்த பிள்ளைகளைப் பற்றியே கவலைப்படுவோம். இப்போது மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள்.

அப்படிப் பருத்திருந்த ஒரு மாணவனின் பின்கழுத்து கறுத்து, தோல் தடித்து, வெல்வெட் துணி போல இருந்தது. அதை அழுக்கென்று எண்ணிய தாய் நாள்தோறும் பீர்க்கம் நாரால் தேய்த்ததில் ஓரங்கள் சிவந்து போயிருந்தன. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காதபோது தோலில் இத்தகைய கருமை தோன்றக்கூடும் என்று வைத்தியர் விளக்கிய பின்னரே அந்தத் தேய்ப்பு நின்றது.

"ரீச்சர், இவன் வீட்டில சோறே ஒழுங்காத் தின்னுறானில்ல, எப்பிடி உடம்பு வைக்குது எண்டு விளங்குதில்ல" என்று அந்தத் தாய் சொன்னது முழு உண்மை. காலை முதல் இரவு வரை அவன் வாயில் போடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். காலையில் பிட்டுக்கு நேரமில்லாததால் சீனி கூடிய பால்மாத் தேநீரும் கிறீம் பிஸ்கட்டும். இடைவேளையில் ரோல்ஸும் ஜூஸ் பக்கற்றும். பின்னேரம் புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகும் வழியில் மிக்சரும் சோடாவும். சில இரவுகளில் கடைக் கொத்து. இத்தனைக்கும் நடுவில் சோற்றுக்கு வயிற்றில் இடம் எங்கே இருக்கும்?

இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது சிவப்பு. அந்த அளவில் 200 மில்லிலீற்றர் குடித்தால் 22 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு 1600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் வெறும் 20 கிராம்தான். தாயிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை.

பருத்த பிள்ளைக்கு முதலில் சோற்றைக் குறைப்பதும், மற்றவர்கள் முன்னால் "குண்டன்" என்று அழைப்பதும் எங்கள் ஊர் வழக்கம். இரண்டுமே கொடுமை என்பேன். அவமானப்பட்ட பிள்ளை ஒளித்துத் தின்னப் பழகிவிடுகிறான். அந்த வீட்டில் அவனை மட்டும் ஒதுக்கிக் கட்டுப்படுத்தாமல் எல்லாருமே பழக்கத்தை மாற்றினார்கள். "பிள்ளை வாடிப் போவான்" என்று அம்மம்மாவுக்குத்தான் பெருங்கவலை. ஆயினும் விடியற்காலையில் எழுந்து பிட்டவித்து, முதல் நாள் மீன்கறியோடு கொடுத்தவரும் அவரே. இடைவேளைக்கு அவித்த கடலையோ சோளனோ போனது, சோடாவுக்குப் பதில் தண்ணீர்ப் போத்தல் போனது. மேலதிக வகுப்பு இல்லாத பின்னேரங்களில் கடற்கரையில் பந்தடிக்க விட்டார்கள்.

நிறை சட்டென்று இறங்கவில்லை. வளரும் வயதில் அப்படி இறக்கவும் தேவையில்லை என்றார் வைத்தியர். நிறை பெரிதாக ஏறாமல் நிற்க, உயரம் கூடக் கூட உடல் மெல்லச் சீரானது. கழுத்துக் கருமை இன்னும் முழுதாக மறையவில்லை.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலும் கடலையும் பயறும் அவித்து விற்க வேண்டுமென்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். நடத்துபவர் இணங்கிவிட்டார், ஆனால் வெளிவாசலில் ஐஸ் பக்கற் விற்பவரோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.