தாவரப் படத்துக்குச் சொல்: ‘புனையா வரைவு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அறிவியலுக்காகச் செடியை உள்ளபடி வரையும் ‘பொட்டானிக்கல் இல்லஸ்ட்ரேஷன்’ என்பதற்குத் ‘தாவர ஓவியம்’ போதுமே என்று ஐயா கேட்டிருந்தார். போதாது என்பேன். நாட்காட்டியில் இருக்கும் தாமரையும் தாவர ஓவியம்தானே!

போன ஐப்பசியில், வேலியில் படர்ந்திருந்த செங்காந்தளைப் பென்சிலில் வரைய உட்கார்ந்தேன். பூ தலைகவிழ்ந்து தொங்க, ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிற்கும். சூல்தண்டோ அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளும். முதல்முறை அதை நேராகப் போட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது காந்தள் இல்லை. இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும் இடத்துக்கு மட்டும் அரை மணி நேரம் போயிற்று.

நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ என்று வருகிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் வரைந்தது. அணிகளைக் களைந்துவிட்ட அரசிக்கு அதை உவமை சொல்கிறார்கள். அதை ஒட்டி ‘புனையா வரைவு’ எனலாமா? நிறமும் இல்லை, இட்டுக்கட்டலும் இல்லை.

~

தம்பி,

சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் இடறுகிறது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படங்கள் 2101. அவருக்காக வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். (கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். இந்த மரியாதை எத்தனை ஓவியருக்குக் கிடைத்தது?) இவ்வகைப் படத்தில் பூவையும் காயையும் ஒரே தாளில் வைப்பார்கள், பூவை அறுத்து உள்ளுறுப்பைப் பெரிதாக்கியும் காட்டுவார்கள். உங்கள் காந்தளையே எடுங்கள்: மண்ணுக்குள் இருக்கும் கலப்பைக்கிழங்கு, இன்றைய பூ, பல வாரம் கழித்து வெடிக்கும் காய், அதன் சிவந்த விதை. நான்கையும் சேர்த்து யார் கண்டார்கள்? கோத்துத்தானே வரைய வேண்டும்! அது புனைவு இல்லையா?

~

ஐயா,

அதை நான் யோசிக்கவில்லை. சரி, இரண்டாகப் பிரித்துவிடலாம். செடியின் எதிரே உட்கார்ந்து பென்சிலில் போடுவது புனையா வரைவு. அப்படிப் பலவற்றைக் கோத்து அச்சுக்குச் செய்வது தாவரத் தொகைப்படம். முதலில் ‘கோவைப்படம்’ என்றுதான் எழுதினேன். ஊரா, காயா என்று கேட்பீர்கள் என்று அடித்துவிட்டேன்.

அப்புறம், புள்ளி வைத்தே நிழல் காட்டும் ‘ஸ்டிப்ளிங்’ என்பதைப் ‘புள்ளிநிழல்’ என்று எழுதிவருகிறேன். யாருக்கும் மறுப்பு உண்டா?